கத்திரி கடைசி வாரமும் என் காதும்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

போன திங்கட்கிழமை திருநெல்வேலி போய் இரண்டு காதுக்கும் மிஷின் மாட்டிக்கொண்டு வந்தேன். மகள் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் பிடி கொடுக்கவில்லை. "சார், உங்க வீட்டு நியூஸைக் கேட்டே நாங்க நாட்டு நடப்பைத் தெரிஞ்சுக்கிறோம்" என்று எதிர்வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் ரோஷம் வந்தது.

சோதனை அதற்கு இரண்டு வாரம் முன்பே நடந்தது. கண்ணாடி வைத்த சின்ன அறை. தலையில் ஹெட்போன். 'பீப்' சத்தம் கேட்டால் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். சத்தம் கேட்டால்தானே? கண்ணாடி வழியாக அந்தப் பெண்ணின் கை அசைவதைப் பார்த்து அழுத்திக்கொண்டே இருந்தேன். 34 வருஷம் பரீட்சை ஹாலில் பிட்டுப் பிடித்தவன் வாழ்க்கையில் அடித்த முதல் காப்பி அது. ஐந்தே நிமிஷத்தில் அவள் உள்ளே வந்து, ஒன்றும் சொல்லாமல் என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். நல்ல சூப்பர்வைசர்.

முடிவை ஒரு வரைபடமாகத் தந்தார்கள். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. தாழ்ந்த சுருதியில் கோடு ஓரளவு சமமாகப் போய், 2000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் சறுக்குமரம் மாதிரி கீழே இறங்கியது. வயதாகும்போது மேல்சுருதிதான் முதலில் போகுமாம். வல்லின ஓசைகள் பலவற்றுக்கும் அந்த மேல்சுருதிதான் அடையாளம். அதனால் ஒருவர் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது விளங்காது. 'பத்து' என்றாலும் 'பட்டு' என்றாலும் எனக்கு ஒன்றாகக் கேட்டது இதனால்தான்.

ஒன்பதாம் வகுப்பில் மடக்கை நடத்தும்போது, "இது எதுக்கு சார் உதவும்?" என்று ஒருவன் கேட்டான். பரீட்சைக்கு உதவும் என்று சொல்லி உட்காரவைத்தேன். தம்பி, இப்போது சரியான பதில் சொல்கிறேன். டெசிபல் என்பதே மடக்கை அளவுதான். 10 டெசிபல் கூடினால் ஒலியின் செறிவு 10 மடங்கு, 20 கூடினால் 100 மடங்கு. 4000 ஹெர்ட்ஸில் என் குறைபாடு 60 டெசிபல். அதாவது நல்ல காது ஒன்று கண்டுபிடிக்கும் மெல்லிய ஒலியைப் போல 10 லட்சம் மடங்கு இருந்தால்தான் என் காது கதவைத் திறக்கும். இந்த உதாரணம் அன்றைக்குக் கையில் இருந்திருந்தால் பாடம் நன்றாகவே போயிருக்கும்.

மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். ஹார்ன், கண்டக்டர் விசில், ஜன்னல் கண்ணாடி ஆட்டம், பின்சீட்டுக் குழந்தை எல்லாம் சேர்ந்து தலைக்குள் கொட்டின. "ஒரு தென்காசி" என்று டிக்கெட் கேட்டால் என் குரலே குடத்துக்குள்ளிருந்து வந்தது. ஆலங்குளம் வருவதற்குள் இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டேன். காசு போச்சு என்றுதான் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் வீட்டம்மா சட்னிக்குத் தாளித்தாள். கடுகு வெடித்தது. படபடவென்று, ஒவ்வொன்றாக. கடுகு வெடிக்கும்போது சத்தம் வரும் என்பதையே மறந்துபோயிருந்தேன். வாசம் வந்தால் தாளிதம் என்பதோடு இத்தனை வருஷம் போயிருக்கிறது. அடுப்படி வாசலில் நின்றேன். "என்ன வேணும்?" என்றாள். "இன்னொரு தடவை தாளி" என்றேன். முறைத்தாள். அவள் திரும்பி நடந்தபோது கால் மெட்டி தரையில் தட்டிக்கொண்டே போனது. அதுவும் புதிதாக இருந்தது.

அதற்கப்புறம் மிஷினைத் தூங்கும்போதும் குளிக்கும்போதும்தான் கழற்றினேன்.

புதன்கிழமை மொட்டைமாடியில் கூழ்வற்றல் காவல். வருஷா வருஷம் எனக்குக் கிடைக்கும் உத்தியோகம். காய்ந்த வற்றலை வேட்டியிலிருந்து உரிக்கும்போது 'சர்க் சர்க்' என்று ஒரு சத்தம் வரும். அணில் ஒன்று கைப்பிடிச்சுவரில் நின்று விடாமல் கத்தியது. முன்பெல்லாம் வாலை ஆட்டுவதை மட்டும் பார்த்துவிட்டு, பாவம் சாதுவான பிராணி என்று நினைத்திருந்தேன். அது திட்டிக்கொண்டிருந்திருக்கிறது! சாயங்காலம் தெருமுனையில் நுங்கு வாங்கினேன். அரிவாள் காயில் இறங்கும்போது முதலில் 'சதக்', பிறகு ஓட்டில் பட்டு 'டக்'. ராத்திரிக்கு ராஜபாளையம் சப்பட்டை மாம்பழம். அதற்குச் சத்தம் கிடையாது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை 28ஆம் தேதியோடு கத்திரி முடிந்தது. வெயிலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

இனி கொஞ்சம் கஷ்டமான விஷயம். காது போனது ஓய்வு பெற்ற பிறகு இல்லை. 2018இல் ஓய்வு பெற்றேன். அதற்கு ஐந்தாறு வருஷம் முன்பிருந்தே கடைசி பெஞ்ச் எனக்குக் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. செவிட்டு வாத்தியார் என்று பெயர் வந்துவிடும் என்ற பயம். வாயால் பதில் கேட்பதைக் குறைத்தேன். எல்லாரையும் போர்டுக்கு வரச்சொல்லிக் கணக்குப் போடவைத்தேன். பெற்றோர் கூட்டத்தில் அதைப் புது கற்பித்தல் முறை என்று ஒருவர் பாராட்டினார். நானும் தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

தப்பிக்க முடியாத நாட்களும் இருந்தன. 2015ஆம் வருஷப் பத்தாம் வகுப்பில் ஒரு பெண். மெல்லிய குரல். ஒருநாள் பதில் சொன்னாள், கேட்கவில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா? சத்தமாச் சொல்லு" என்றேன். மறுபடி சொன்னாள். மூன்றாம் தடவையும் சொன்னாள். பீரியட் முடியும்வரை நிற்கவைத்தேன். அந்த வருஷம் முழுக்க அவள் அப்புறம் கையைத் தூக்கவே இல்லை.

இப்போது அவள் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை பேரனின் நோட்டுக்கு அட்டை போட பிரவுன் ஷீட் வாங்கப் போனேன். "லேபிளும் வேணுமா சார்?" என்றாள். அதே குரல். முழுசாகக் கேட்டது. அங்கேயே நின்று, காதைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிச்சுக்கோம்மா என்றும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "உங்களுக்குக் கேக்காதுன்னு எங்க எல்லாருக்கும் தெரியும் சார்" என்றாள்.

எனக்குப் பேச்சு வரவில்லை.

பின் பெஞ்சில் யார் பதில் சொன்னாலும் முன் பெஞ்சில் ஒருவன் அதைத் திருப்பிச் சத்தமாகச் சொல்லவேண்டும் என்று அவர்களுக்குள் ஏற்பாடாம். ஆள் யார் என்று கேட்டேன். சொன்னாள். கேட்காமலேயே எல்லாப் பதிலும் சொல்கிறான் என்று நான் 'முந்திரிக்கொட்டை' என்று பெயர் வைத்து விரட்டிய அதே பையன்!

"அப்ப உன்னை நிக்கவச்ச அன்னைக்கு?"

"அன்னைக்கு அவன் லீவு சார்."

"அதுக்கப்புறம் ஏம்மா கையே தூக்கல?"

"கோவம்தான் சார்" என்றாள். சிரிக்கவில்லை. பிறகு, "மூணு ரூவா சில்லறை இருக்கா சார்?" என்றாள். கொடுத்தேன்.

ஏலே முந்திரிக்கொட்டை, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். துபாயில் இருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். என் நம்பர் மாறவில்லை. கூப்பிடு. கத்த வேண்டாம், சாதாரணமாகப் பேசு.

சொந்தக்காரர்களுக்கு: கல்யாண வீடுகளில் கூப்பிட்டும் திரும்பிப் பார்க்காமல் போனான், தலைக்கனம் என்று சொன்னதாகக் காதில் விழுந்தது. அது மட்டும் எப்படி விழுந்தது என்று கேட்காதீர்கள். சின்ன மாமா, அடுத்த விசேஷத்தில் பின்னாலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள்.

சனிக்கிழமை ராத்திரி கரண்ட் போனது. ஃபேன் நின்றதும் சில்வண்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மேற்கே மலைப்பக்கம் இருந்து குளிர்ந்த காற்று. பத்து மணி வாக்கில் சாரல் விழுந்தது. திண்ணைக்கு மேல் இருக்கும் தகரத்தில் முதலில் ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ண முடியவில்லை. மிஷின் நனையக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதனால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏங்க, நனையாம உள்ள வாங்க" என்று அவள் உள்ளேயிருந்து கூப்பிட்டாள். நன்றாகக் கேட்டது. கேட்காத மாதிரி நின்றுகொண்டேன்.