கொட்டகை வண்டி: சில குறிப்புகள்

தை கடைசி ஞாயிறு

கொட்டகையைத் திறந்தேன். அப்பாவின் அம்பாசிடர். 1988-ல் வாங்கியது, மார்க் 4, பெட்ரோல், 1489 சி.சி. கடைசியாக ஓடியது 2014-ல். அதே ஆண்டு மே மாதம்தான் உத்தர்பாரா தொழிற்சாலையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசிடர் உற்பத்தியை நிறுத்தியது. அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துவிட்டு அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் வண்டியைத் துடைத்தார்.

நான்கு டயரும் தரையோடு தரை. பானெட்டைத் தூக்கினால் ஏர் ஃபில்டருக்குள் எலிக்கூடு: வைக்கோல், உமி, சாக்கு நூல். கொள்ளிடக்கரை ஊரில் அறுப்பு முடிந்தால் எலி வீடு தேடி வரும். வயரைப் பாதிக்கு மேல் கடித்திருக்கிறது.

அக்கா மகன் ஒரு பேட்டரியோடு வந்து நின்றான். "மாமா, ஒரே ஒரு செல்ஃப் அடிச்சுப் பாத்துருவோமா?"

வேண்டாம் என்றேன். பல வருடம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவால் ஒட்டியிருக்கும். ஆயில் முழுவதும் அடியில் இறங்கியிருக்கும். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும், பேரிங் காய்ந்தபடி சுற்றும். நின்று கெட்டதைவிட அந்த ஒரு நிமிடத்தில் கெடுவது அதிகம்.

மறுநாள்

காயலான் கடைக்காரர் வந்து பார்த்தார். "எடைக்குப் போட்டுருங்க தம்பி. பதினஞ்சு வருஷம் தாண்டுன வண்டி ஓடக்கூடாதுன்னு சட்டமே வந்துருச்சு." இந்தப் பக்கத்தில் பலரும் இதை நம்புகிறார்கள். நல்ல வண்டிகள் பல இந்த ஒரு பேச்சிலேயே எடைக்குப் போயிருக்கின்றன. 15 வருடப் பெட்ரோல் வண்டிக்கும் 10 வருட டீசல் வண்டிக்கும் தடை எழுந்தது டெல்லி வட்டாரத்தில். தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதன்பின் இன்ஸ்பெக்‌ஷனில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். எங்கள் வண்டிக்கு 2003, 2008, 2013 என்று மூன்று முறை நடந்திருக்கிறது. 2018-ல் செய்ய ஆளில்லை.

மாசி, முதல் வாரம்

மெக்கானிக் அண்ணன் வந்தார். அறுபதைத் தாண்டியவர், கீழப்பழுவூர்ப் பக்கம். முதலில் பிளக் நான்கையும் கழற்றினார். ஒவ்வொரு ஓட்டையிலும் டீசலும் இன்ஜின் ஆயிலும் கலந்து ஊற்றினார். "மூணு நாள் ஊறட்டும். யாரும் தொடக்கூடாது" என்று சொல்லிப் போய்விட்டார்.

நான்காம் நாள் முன் பம்பர் வழியாக ஹேண்டிலை மாட்டினார். முழுச் சுற்று சுற்றப் பார்க்கவில்லை. ஒரு விரல்கடை இந்தப் பக்கம், ஒரு விரல்கடை அந்தப் பக்கம். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு 'கிறீச்' என்று ஒரு சத்தம், ஹேண்டில் கொஞ்சம் இறங்கியது. "வுட்டுருச்சு தம்பி" என்றார். அந்தச் சத்தத்தை இந்த நோட்டில் எழுதிவைக்காமல் தூங்கப் பிடிக்கவில்லை.

பழைய ஆயிலை இறக்கிப் புது ஆயில் ஊற்றியாயிற்று. பிளக் இல்லாமலே செல்ஃப் அடித்து, மீட்டரில் ஆயில் பிரஷர் முள் எழும் வரை சுற்றவிட்டோம். பிளக் போட்டது அதற்குப் பிறகுதான்.

டேங்க்

பெட்ரோல் தேன் நிறத்துக்கு வந்துவிட்டது. மணம் வார்னிஷ். டேங்கைக் கழற்றி, உள்ளே சின்ன ஜல்லியும் மண்ணெண்ணெயும் போட்டு இரண்டு பேர் உருட்டினோம். துரு செங்காமட்டை நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. ஐந்தாவது தடவைதான் தெளிந்தது.

ரப்பர் ஓஸ் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார் அண்ணன். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டியின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஊதும், இளகும், வெடிக்கும். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து டேங்க் அடியில் தங்கித் துருவேறும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இந்த ஒன்றை மறக்கக் கூடாது: தேவைக்கு மட்டும் பெட்ரோல் போட்டு, வாரம் ஒரு முறையாவது ஓட்ட வேண்டும்.

மாசி, மூன்றாம் வாரம்

கார்புரேட்டர் ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தார். சி.பி. பாயிண்ட் கருத்திருந்தது, புதிது போட்டார். இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு. அளவுத் தகடு அவரிடம் இருக்கிறது. ஆனாலும் கடைசியில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி இழுத்துப் பார்த்துத்தான் திருகை இறுக்கினார். பிளக் இடைவெளி இருபத்தைந்து பங்கு. வயர் வரிசை 1-3-4-2.

மாலை நான்கரைக்கு இன்ஜின் பிடித்தது. முதலில் வெள்ளைப் புகை, ஊற்றிய ஆயில் எரிந்து தீரும் வரை. அம்மா வாசலுக்கு ஓடி வந்து நின்றாள். அந்தச் சத்தம் கேட்டுப் பத்து வருடத்துக்கு மேலாகிறது.

"பங்குனி நந்தி கல்யாணத்துக்கு இதுலயே திருமழபாடி போயிரலாமாடா?" என்றாள். அப்பா இருந்தவரை வருடந்தோறும் அப்படித்தான். முன்னால் மூன்று, பின்னால் ஐந்து, மடியில் குழந்தைகள். திருமழபாடிக் கோயிலில் நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்பார்கள். எங்கள் தெருவில் கல்யாணம் ஆகாத பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் இந்த வண்டியில் ஏறிப் போயிருக்கிறார்கள்.

போகலாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

பிரேக்

இன்ஜின் ஓடியதும் வேலை முடிந்ததென்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. ஓடுகிற வண்டி என்றால் நிற்கிற வண்டி. எங்கள் வண்டியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். கழற்றிப் பார்த்தால் எல்லா வீல் சிலிண்டரிலும் பிஸ்டன் இறுகிக் கிடந்தது. பிரேக் ஆயிலும் ஈரத்தை இழுக்கும். உள்ளே துருப்பிடித்தது அதனால்தான். சக்கரத்தில் சூடேறும்போது அந்தத் தண்ணீர் ஆவியாகும். பெடல் தரை வரை இறங்கும், வண்டி நிற்காது.

மாஸ்டர் சிலிண்டர் புதிது. வீல் சிலிண்டர் இரண்டைக் கிட் போட்டுக் காப்பாற்றலாம் என்று நான் சொன்னேன். அண்ணன் சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினார். குழி விழுந்திருந்தது. "ஒங்க அம்மாவ ஏத்திக்கிட்டுப் போற வண்டி தம்பி" என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. சாமான் சென்னையிலிருந்து வர வேண்டும். புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். பிரேக்குக்குப் பழசு வேண்டாம் என்று ஜி.பி. ரோட்டில் புதிதாகச் சொல்லிவைத்தோம்.

வந்து சேர்வதற்குள் நந்தி கல்யாணம் முடிந்துவிட்டது. அம்மா பஸ்ஸில் போய் வந்தாள். எனக்கு மனம் ஆறவில்லை. ஆனால் அண்ணன் செய்தது சரி.

டயர்

பட்டன் நிறைய இருக்கிறது, அதனால் நல்ல டயர் என்று நினைத்திருந்தேன். பக்கச் சுவரில் நான்கு இலக்கம்: 1111. பதினோராம் வாரம், 2011. மடிப்பில் எல்லாம் நூல் நூலாக வெடிப்பு. ஐந்தையும் மாற்றினேன். 5.90-15 அளவு தேடி வாங்க வேண்டியிருந்தது.

வயரிங், ரேடியேட்டர், ஃபேன் பெல்ட், சீட்டு: எல்லாம் ஆயிற்று. காசும் ஆயிற்று.

சித்திரை, காகிதங்கள்

ஆர்.சி. புத்தகத்தில் மாவட்டம் திருச்சிராப்பள்ளி. வண்டி வாங்கியபோது எங்கள் ஊர் திருமானூர் அங்கேதான் இருந்தது. 1995-ல் பெரம்பலூர் மாவட்டம், 2001-ல் அரியலூர், 2002-ல் மறுபடி பெரம்பலூர், 2007 நவம்பரில் மறுபடி அரியலூர். கொட்டகை மட்டும் இடம் மாறவில்லை.

அப்பா காலமானதால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31. பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. 20 ஆண்டு தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டிலிருந்து கட்டணம் 10,000 ரூபாய், முன்பு 5,000. இது தவிர, தாமதத்துக்கு மாதம் 500 என்று 2022 ஏப்ரலிலிருந்து ஒரு விதி இருக்கிறது. வண்டியை நிறுத்தி வைப்பவர்கள் ஆர்.சி. தேதியையாவது தவறவிடாதீர்கள். பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று தனி.

50 வயதான வண்டிக்கு விண்டேஜ் என்று தனிப் பதிவு 2021-ல் வந்தது. எங்களுடையதற்கு அது 2038-ல்தான் ஆகும். சென்னை தி.நகர் நினைவில்லத்தில் எம்.ஜி.ஆரின் டி.எம்.எக்ஸ். 4777 கார் நிற்கிறது, கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் ஜி.டி. கார் மியூசியத்தில் வரிசையாகப் பழைய கார்கள். அவற்றைப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் அம்மா ஏறி உட்கார முடிகிற வண்டிதான் எங்களுக்கு வேண்டும்.

ஆர்.சி. காலாவதியான வண்டியை ரோட்டில் ஓட்டக் கூடாது. பதிவு கிடைக்கும் வரை களத்துமேட்டில் மட்டும் ஓட்டிப் பார்த்தோம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ரெக்கவரி வண்டியில் ஏற்றி அரியலூர் போனோம். சேசிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்கள். விளக்கு, ஹாரன், இண்டிகேட்டர், வைப்பர், கைபிரேக். பிரேக்கை இரண்டு முறை போடச் சொன்னார்கள். இரண்டு முறையும் நேராக நின்றது.

வைகாசி, முதல் ஞாயிறு

ஐந்து ஆண்டுக்குப் பதிவு கிடைத்துவிட்டது. காலையில் அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்துத் திருமழபாடி. சந்நிதியில் கூட்டமில்லை. திரும்பி வந்து, அப்படியே கொள்ளிடம் பாலம் தாண்டித் திருவையாறு வரை போய் வந்தோம். நாற்பதுக்கு மேல் போகவில்லை. டெம்பரேச்சர் முள் பாதியிலேயே நின்றது. வீட்டில் நிறுத்திப் பார்த்தால் கியர்பாக்ஸ் பின் சீலில் ஒரு சொட்டு ஆயில். திங்கட்கிழமை அண்ணன் வருகிறார்.