காய்ச்சலில் ஏறும் வீரியம்

மலச்சிக்கல் மாத்திரைகளில் 'சென்னா' என்று அச்சிட்டிருக்கும். நாட்டு மருந்துக் கடையில் அது நிலாவாரை. ஐரோப்பிய மருந்து நூல்கள் இதில் இரண்டு ரகம் சொல்கின்றன: அலெக்சாண்ட்ரியா, திருநெல்வேலி. எகிப்தின் பெருந்துறைமுகத்துக்குப் பக்கத்தில் நம் வானம் பார்த்த பூமி எப்படி இடம்பிடித்தது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

செடியின் பூர்வீகம் அரேபியா, சோமாலியாப் பக்கத்து வறண்ட நிலங்கள். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹியூஸ் என்பவர் பாளையங்கோட்டை வட்டாரத்தில் இதைப் பயிர் செய்ததாகப் பழைய குறிப்புகள் சொல்கின்றன. இன்றைய தாவரவியலார் இரண்டு ரகத்தையும் ஒரே இனம் என்கிறார்கள். அதனால் விதையை விட்டுவிட்டு மண்ணையும் ஈரத்தையும் பார்க்கத் தொடங்கினேன்.

சாத்தான்குளம் பக்கத்துச் செம்மண் காட்டில் ஒரு பெரியவர் இலை உருவிக்கொண்டிருந்தார். "தண்ணி நின்னா வேரு அழுகிப்போகும் தம்பி. காய்ச்சலும் பாய்ச்சலுமாத்தான் வளக்கணும்" என்றார். கையில் ஓர் இலையைத் தந்தார். காம்போடு சேரும் இடத்தில் ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் இருந்தது. கலப்படத்தைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளங்களில் அதுவும் ஒன்று. மேட்டுப்பகுதி இலை சிறுத்துத் தடித்திருந்தது. கிணற்றடி இலை அகன்று மெல்லியதாக இருந்தது.

அந்தக் காய்ச்சலுக்குள் நடப்பதைப் பயிர் உடலியல் விளக்குகிறது. நீர் குறைந்தால் செடி இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். கரியமில வாயு வரத்து குறையும், வெயிலோ குறையாது. சர்க்கரையாக்க முடியாமல் மிஞ்சும் ஆற்றலின் ஒரு பகுதி வேறு சேர்மங்களை உண்டாக்கத் திரும்புகிறது. பல மூலிகைகளில் மருந்துச்சத்து கூடுவதற்கு இது ஒரு காரணம். நித்தியகல்யாணியை நீர்ப்பற்றாக்குறையில் வளர்த்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வுகளில் வேரில் அஜ்மலிசின் என்ற மருந்துச்சத்து கூடியது, செடியின் வளர்ச்சி குன்றியது.

இந்த இரண்டாவது பாதியைத்தான் நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். நூறு கிராம் இலையில் சத்து எவ்வளவு என்பது ஒரு கணக்கு. ஏக்கருக்கு எவ்வளவு இலை என்பது வேறு கணக்கு. முதலாவது ஏறும்போதே இரண்டாவது சரியலாம். வறட்சி நீண்டால் இலை உதிர்ந்து இரண்டுமே போய்விடும். முளைத்து வேர்விடும் வரை ஈரம் தேவை. அதற்குப் பிறகுதான் அளவான காய்ச்சல். உலர்த்தும்போதும் மழை கூடாது. நனைந்த இலை கறுத்துவிடும். நிழலில் ஒழுங்காகக் காய்ந்தது மஞ்சள் கலந்த பச்சையாக நிற்கும். திருநெல்வேலி இலையின் பெயருக்குச் செடி பட்ட தாகத்தோடு இப்பகுதியின் உலர்ந்த காற்றுக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன்.

தூத்துக்குடிக்குப் போகும் தன் மூட்டைக்குத் தராசுதான் விலை சொல்கிறது என்றார் பெரியவர். இது எனக்குப் பொறுக்கவில்லை. வறட்சியில் எடை குறைந்த நட்டம் அவருக்கு. ஏறிய வீரியத்தின் லாபம் வாங்குபவருக்கு. இலையின் மருந்துச்சத்தான சென்னோசைடு எவ்வளவு என்று சோதித்து அறிய இன்று வழி இருக்கிறது. கொள்முதல் செய்யும் இடத்திலேயே அதைச் சோதித்து, அந்த அளவுக்கும் சேர்த்து அவர் மூட்டைக்கு விலை போட வேண்டும்.