விட்டகுறை

புதிதாக ஒன்றைத் தொடங்குகிறவனுக்கு உலகம் நிறையச் சலுகை காட்டுகிறது. வயலின் கற்கத் தொடங்கிய பையன் அபஸ்வரமாக இழுத்தால், "பாவம், இப்போதுதானே ஆரம்பித்திருக்கிறான்" என்று அடுத்த வீட்டுக்காரர்கூடப் பொறுத்துக்கொள்வார். விட்ட ஒன்றைத் திரும்பத் தொட்டவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. "நீங்கள் முன்பெல்லாம் நன்றாகச் செய்வீர்களே!" என்று ஒரே வார்த்தையில் ஆளை உட்கார்த்திவிடுவார்கள். பிறர் சொல்லாவிட்டாலும், உள்ளே இருக்கும் ஒருவன் ஓயாமல் அதையே சொல்லிக்கொண்டிருப்பான். நாலு மாதம் கட்டிலிலும் சாய்வு நாற்காலியிலும் கிடந்துவிட்டு, ஐம்பத்தெட்டாவது வயதில் அரை மாரத்தான் ஓடப் போனபோது அவனோடு எனக்கு நெருங்கிய பழக்கம் ஏற்பட்டது.

கதை எழுதுகிறவனுக்கு ஓட்டம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சர்க்கரையைச் சோதித்த டாக்டர் ஆறு வருஷத்துக்கு முன்னால் நடக்கச் சொன்னார். நடை எந்தத் தினத்தில் ஓட்டமாக மாறியது என்று எனக்கே தெரியாது. நேப்பியர் பாலத்தில் தொடங்கி, உழைப்பாளர் சிலையைக் கடந்து, கலங்கரை விளக்கம் வரைக்கும் போய்த் திரும்புவது வழக்கமாயிற்று. அந்தச் சிலையில் இருக்கும் நாலு பேரும் 1959-லிருந்து ஒரே பாறையை நெம்பிக்கொண்டிருக்கிறார்கள். நாவலில் ஓர் அத்தியாயம் நகராத நாட்களில் அவர்களைப் பார்த்தால் எனக்கு ஓர் ஆறுதல்.

அரை மாரத்தான் என்பது 21 கிலோமீட்டரும் 97 மீட்டரும் 50 சென்டிமீட்டரும் கொண்டது. எதற்கு இந்தச் சில்லறைக் கணக்கு? 1908-இல் லண்டன் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டம் விண்ட்ஸர் அரண்மனையில் புறப்பட்டு, பந்தய மைதானத்தில் அரச குடும்பத்தாரின் ஆசனங்களுக்கு எதிரே முடிந்தது. அந்தத் தூரத்தையே 1921-இல் நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதில் பாதிதான் நாம் ஓடுவது. கடைசித் தொண்ணூற்றேழு மீட்டரில் கால் கெஞ்சும்போது ஆங்கில அரச குடும்பத்தைப் பற்றி என் மனத்தில் எழும் எண்ணங்களை இங்கே எழுதுவதற்கில்லை.

ஆடி மாதத்தில் சிக்குன்குனியா வந்தது. ஆப்பிரிக்காவில் மக்கோண்டே மக்களின் மொழியில் அந்தச் சொல்லுக்கு 'வளைந்து போவது' என்று பொருள். பெயர் வைத்தவர்கள் அனுபவஸ்தர்கள். 1964-இல் சென்னையை ஆட்டிவைத்துவிட்டு, பல வருஷம் காணாமல் போயிருந்து, 2006-இல் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்த நோய் அது. இடைவெளி விட்டுத் திரும்பி வருவதில் என்னைவிட அதற்கு அனுபவம் அதிகம்.

காய்ச்சல் ஐந்தாம் நாளே விட்டுவிட்டது. மூட்டுவலி விடவில்லை. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கா. காப்பி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் குடித்தேன். சட்டைப் பித்தானை என் மனைவி போட்டுவிட்டாள். ஒரு நாள் உள் தாழ்ப்பாளைத் திறக்க முடியாமல் குளியலறைக்குள் கால் மணி நேரம் நின்றேன். பேனாவைப் பற்றி நினைக்கவே இல்லை. இருபத்தைந்து வயதில் இதெல்லாம் ஓர் இடைவெளி என்று பெயர் பெறும். ஐம்பத்தெட்டில் இதற்கு என்ன பெயர் என்பதுதான் அந்த நாலு மாதமும் என்னைத் தூங்கவிடாத கேள்வி. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற இந்த மனிதன் சில நாள் விருந்தாளியா, இனிமேல் வீட்டுக்காரனா?

படுத்துக் கிடந்தவனுக்குப் படிக்க நேரம் நிறைய. ஓட்டத்தை நிறுத்தினால் உடம்பு எதை முதலில் மறக்கிறது என்று படித்தேன். சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைந்துவிடுமாம்; இதயம் ஒரு துடிப்புக்கு அனுப்பும் இரத்தமும் அதனால் குறையும். 1984-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், நன்றாகப் பயிற்சி பெற்றவர்களைப் பயிற்சியை நிறுத்தச் சொல்லிச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். உடம்பு பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் உச்ச அளவு மூன்று வாரத்துக்குள் 7 சதவிகிதம் குறைந்தது. 56 நாட்களில் 16 சதவிகிதம். ஆனால் தசைக்குள் புதிதாக உண்டாகியிருந்த நுண்ணிய இரத்தக் குழாய்கள் குறையவில்லை. தண்ணீர் வற்றிவிட்டது, வாய்க்கால் தூர்ந்து போகவில்லை! இந்த ஒரு செய்தியை நான் கஷாயத்தைவிட அதிகம் நம்பினேன்.

கார்த்திகையில் டாக்டர் அனுமதி கொடுத்தார். "ஓடுங்கள். ஆனால் வலி உங்கள் நடையை மாற்றினால், மாற்றிய இடத்திலேயே நின்றுவிட வேண்டும்" என்றார். மூச்சு சில வாரங்களில் திரும்பிவிடும், தசையை எலும்போடு கட்டும் நாண்களுக்கு மாதங்கள் ஆகும், மூச்சு சம்மதிப்பதைக் கால் சம்மதிக்காது என்று விளக்கினார்.

என் மனைவிக்கு இந்த விளக்கமெல்லாம் பொருட்டில்லை. "யாருக்காக ஓடறீங்க? தாழ்ப்பாள் திறக்க முடியாம உள்ளே நின்னது மறந்து போச்சா? வெளியே நின்னவளுக்கு மறக்கலை" என்றாள். அதற்குப் பதில் என்னிடம் இல்லை, இன்றைக்கும் இல்லை. ஓட்டத்துக்கு வேண்டிய பணத்தை முன்பே கட்டிவிட்டேன் என்று ஏதோ முணுமுணுத்தேன்.

மார்கழி மாதத்து இருட்டு. எங்கோ ஒரு கோவிலில் திருப்பாவை ஒலித்துக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான ஜனங்களுக்கு நடுவில் நானும் புறப்பட்டேன். 3 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை என்று கணக்கு. 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் கேலோவே என்ற அமெரிக்கர் பிரபலப்படுத்திய முறை இது. முறை நல்லதுதான், முதல் கிலோமீட்டரிலேயே நடக்கிறவனைப் பார்க்கிற கண்கள்தான் அவ்வளவு நல்லவையல்ல. "என்ன சார், அதுக்குள்ளேயா?" என்று கேட்டுக்கொண்டே ஒருவர் கடந்து போனார். எட்டாவது கிலோமீட்டரில் ஒரு பெண், "இன்னும் கொஞ்சந்தான் அங்கிள்!" என்றாள். பதின்மூன்று கிலோமீட்டரைக் 'கொஞ்சம்' என்று சொல்லக்கூடிய தாராள மனம் வாழ்க!

இவர்கள் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த அந்தப் பழைய ஆள்தான் செய்தான். இரண்டு மணி பதினாலு நிமிஷத்தில் ஓடி முடித்தவன் அவன். ஏழாவது கிலோமீட்டர்ப் பலகையருகில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இந்நேரத்துக்கு அவன் ஒன்பதாவதை நெருங்கியிருப்பான். பத்தாவதில் கணக்குப் போட்டபோது இன்னும் தூரமாகிவிட்டான். பிறகு அவன் முதுகு தெரியவே இல்லை. தெரியாமற் போனதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் சுகமாக இருந்தது. கடல் பக்கமிருந்து காற்று வந்தது. வியர்வை உப்புக் கரித்தது. நான் ஓடிக்கொண்டிருந்தேன்.

பதினாறில் இடது கணுக்கால் பேசத் தொடங்கியது. நோயில் மிகவும் அவதிப்பட்டது அதே கணுக்கால்தான். நடை மாறியிருக்கிறதா என்பதை ஓடுகிறவன் எப்படிக் கண்டுபிடிப்பது? காதால்தான். கூட்டம் கலைந்து சாலை அமைதியாக இருந்தது. தப், தப் என்று இரண்டு காலும் சமமாகவே விழுந்தன. பதினேழு தாண்டியதும் இடது காலின் சப்தம் மட்டும் மெலிந்தது. நின்றுவிட்டேன். சாலையோரத்தில் ஆட்டோ ஒன்று நின்றது. டிரைவர் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். அதில் ஏறி உட்கார எனக்குத் தடை ஒன்றும் இருக்கவில்லை. ஒரு கிலோமீட்டர் நடந்து பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று தோன்றியது. கைப்பிடியளவு கடலைமிட்டாயை மென்றுகொண்டே நடந்தேன். பிறகு மெல்ல ஓடிப் பார்த்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். தப், தப்.

இரண்டு மணி ஐம்பத்தொன்றாவது நிமிஷத்தில் கோட்டைத் தாண்டினேன். கழுத்தில் ஒரு பதக்கம் மாட்டினார்கள். வீட்டுக்குப் போன் செய்தேன். முடித்தேனா என்று அவள் கேட்கவில்லை. "கணுக்கால் எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டாள்.

மூன்று நாள் காலையிலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, என் இடது கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். வீக்கம் இல்லை. நாலாம் நாள் விடிகாலை ஐந்து மணிக்கு அலாரம் அடித்தது. கை நீட்டி அதை நிறுத்தியவள் அவள்தான்.

"ஷூவை வெயில்ல காய வெச்சேன், வாசல்ல இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.