முரசுக்கு விரித்த படுக்கை

பிளாஸ்டிக் உறை போட்ட மெத்தையில் படுத்தவர்களுக்கு அந்தச் சரசரப்பு தெரியும். புரண்டால் சத்தம், எழுந்தால் சத்தம். எண்பதைத் தாண்டிய என் அம்மா, ஸ்ரீரங்கத்து வீட்டில் ஒரு கோடை முழுவதும் அப்படியொரு உறையின் மேல் படுத்திருந்தாள். குறைப்பட்டுக்கொள்ளும் வழக்கமில்லாதவள். ஒருநாள் காலையில் மட்டும் சொன்னாள்: "முதுகு வேகறதுடா."

பாயில் படுத்து வளர்ந்தவள். முழங்கால் மடங்காமல் போனபிறகுதான் கட்டிலுக்கு வந்தாள். இரவில் எழுந்து போவதற்குள் சில நாள் படுக்கை நனைந்துவிடும். எனவே மெத்தைக்கு உறையும் வேண்டும்; அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற திருச்சி வெயிலில் முதுகும் வேகக் கூடாது. இரண்டும் சேர்ந்து கிடைக்குமா என்று மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைவீதிகளில் தேடினேன்.

சரசரக்கும் வகை பி.வி.சி. அது தண்ணீரை நிறுத்தும். வியர்வையின் ஆவியையும் நிறுத்திவிடும். தூங்கும்போதும் நம் உடம்பு ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டேதான் இருக்கிறது. போக வழியில்லாத ஈரம் முதுகுக்கும் விரிப்புக்கும் நடுவே தங்கிப் புழுங்குகிறது. இன்னொரு வகை, பஞ்சு வைத்துக் கட்டம் கட்டமாகத் தைத்தது. மெத்தென்றிருக்கும், கொஞ்சம் நனைந்தால் உறிஞ்சிக்கொள்ளும். கூடுதலாக நனைந்தால் கீழே விட்டுவிடும். மூன்றாவது வகையில், டர்க்கி டவல் போன்ற பருத்தித் துணியின் அடிப்பக்கம் பாலியூரித்தேன் படலம் ஒன்று மிக மெலிதாக ஒட்டியிருக்கும். திரவத்தை அது தடுக்கும், ஆவியை ஓரளவு போகவிடும். கையில் எடுத்துக் கசக்கிப் பார்த்தால் சத்தம் வராது. உறை எந்த வகையானாலும் மெத்தையின் கனத்தை அளந்துகொண்டு போக வேண்டும். ஆறு அங்குல மெத்தைக்குப் பத்து அங்குல உறையைப் போட்டால் முதுகுக்கடியில் சுருக்கம் விழும். பத்து அங்குல மெத்தைக்கு ஆறு அங்குல உறையை மாட்டினால் மூலை எலாஸ்டிக் மெத்தையையே விறைத்துப் பிடிக்கும். மெமரி ஃபோம் உடம்பின் சூட்டுக்கு இளகி வளைந்துகொடுப்பது. விறைப்பான உறையை அதன் மேல் இழுத்து மாட்டினால் அது வளைய இடமே இல்லை.

கடையில் காட்டிய மெத்தை ஒன்றின் உத்தரவாதச் சீட்டில், கறை பட்டால் உத்தரவாதம் செல்லாது என்று சிறிய எழுத்தில் இருந்தது. பல நிறுவனங்கள் வைத்திருக்கும் விதிதான் அது. அதைப் படித்த கணத்தில் மோசிகீரனார் நினைவுக்கு வந்தார்.

புறநானூற்றின் ஐம்பதாம் பாட்டு அவருடையது. சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனையில் வீரமுரசுக்கென்று ஒரு கட்டில் இருந்தது. முரசு அங்கே தெய்வத்துக்குச் சமம். அதற்கு மயிற்பீலியும் உழிஞையும் சூட்டுவார்கள். அது குருதிப் பலி கேட்கும். அந்த முரசை நீராட்டுவதற்காக வெளியே எடுத்துப் போயிருக்கிறார்கள். கட்டில் மட்டும் காலியாகக் கிடக்கிறது. அதில் பூ விரித்திருக்கிறார்கள். அந்த விரிப்பின் மென்மையைச் சொல்ல, எண்ணெயின் நுரையை அள்ளி வைத்ததுபோல என்கிறார் புலவர். எத்தனையோ படுக்கை வர்ணனைகளைப் படித்திருக்கிறேன். இப்படிக் கையில் ஒட்டுகிற மென்மையை வேறெங்கும் கண்டதில்லை. கண்ணால் பார்த்தவர் இப்படிச் சொல்லியிருக்க முடியாது. படுத்துப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

அவர் படுத்தார். எந்தக் கட்டில் என்று தெரியாமல் ஏறித் தூங்கிவிட்டார். அந்தக் கட்டிலைத் தீண்டியவனுக்குத் தண்டனை, வாளால் இரு துண்டு. மன்னன் வந்து பார்க்கிறான். வாளை ஓங்கவில்லை. அதோடு விட்டிருந்தாலே போதும், தமிழை முழுதும் அறிந்தவன் நீ என்பதற்கு அதுவே சான்றாகியிருக்கும் என்று புலவரே சொல்கிறார். மன்னன் அதோடு விடவில்லை. அருகில் வந்து, தன் வலிய தோளை உயர்த்திக் குளிர்ச்சியாக வீசிவிட்டான். அவர் விழித்தெழும் வரை கவரி வீசினான் என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. அந்தத் தோளுக்குப் புலவர் தேர்ந்த உவமை முழவு. முரசின் கட்டிலில் தூங்கியவருக்கு முழவு போன்ற தோள் காற்று தந்திருக்கிறது.

இந்தப் பாட்டு நமக்கு அச்சில் கிடைத்தது 1894-ல், உ.வே. சாமிநாதையரால். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பேருக்கு முன்னால் எங்கள் ஊரின் பெயர் திரிசிரபுரம் என்று நிற்கிறது. அந்த உரிமையிலும் இந்தப் பாட்டை எடுத்துக்கொள்கிறேன். தமிழுக்கு ஓர் அரசன் செய்த மரியாதை என்றே இதை மேடைகளில் சொல்வார்கள். எனக்கு இது படுக்கை யாருக்கு என்பதைப் பற்றிய பாட்டு. கட்டிலைக் காப்பதற்கு ஒரு சட்டம் இருந்தது. அதைக் காக்க வாளும் இருந்தது. உறங்கும் மனிதனைப் பார்த்ததும் அந்த அரசனுக்குக் கட்டில் இரண்டாம்பட்சமாகிவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் வாழ்கிறவனுக்குப் படுக்கையைப் பற்றி யோசிக்க வேறு காரணமும் உண்டு. எங்கள் ஊரின் பெருமாளே படுத்திருக்கிறார். மார்கழியில் திருப்பாவையின் பத்தொன்பதாம் பாசுரத்தில் பஞ்ச சயனம் வரும். இங்கே வாழ்ந்த பெரியவாச்சான் பிள்ளையின் உரைமரபு, நல்ல படுக்கைக்கு ஐந்து குணம் சொல்கிறது: அழகு, குளிர்ச்சி, மென்மை, மணம், வெண்மை. எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது அதில் இல்லை.

கடையில் அந்த ஐந்தையும் மனதில் வைத்தே உறைகளைப் பார்த்தேன். உறை காப்பாற்றித் தருவது வெண்மையையும் மணத்தையும். அதற்கு விலையாக அது கேட்பது குளிர்ச்சியையும் மென்மையையும். பி.வி.சி. இரண்டையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறது. மெல்லிய படலம் ஒட்டிய பருத்தி கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறது. எதுவும் எடுத்துக்கொள்ளாத உறை கிடையாது. அழகை மேலே விரிக்கும் சுங்குடிப் போர்வை பார்த்துக்கொள்ளும்.

கோயிலிலும் ஒரு காப்பு உண்டு. மூலவர் பெரிய பெருமாள் சுதையாலான திருமேனி என்பதால் நீரால் திருமஞ்சனம் கிடையாது. ஆனி மாதத்து ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டித் தைலக்காப்பு சாற்றுவார்கள். அது உலரும் வரை பல நாள் திருமுகத்தை மட்டுமே சேவிக்கலாம், திருவடி மறைந்திருக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்களும் அதை ஏற்றுக்கொண்டு கைகூப்பிவிட்டுப் போகிறார்கள். அங்கே காப்பு, படுத்திருப்பவருக்கு. ஆதிசேஷனுக்கு உறை போட யாரும் நினைத்ததில்லை.

முன்பு வீடுகளில் இலவம்பஞ்சு மெத்தைதான். இலவ நாருக்கு இயல்பிலேயே மெழுகுப் பூச்சு உண்டு, உள்ளே குழல்போல் வெற்றிடம் உண்டு; நீரை எளிதில் ஏற்காது. அதனால்தான் உலகப் போர்க்காலத்தில் உயிர்காப்பு மிதவைச் சட்டைகளுக்குள் அதை அடைத்தார்கள். மெத்தை ஈரமானால் மொட்டைமாடியில் வெயிலில் போடுவார்கள். பஞ்சு மீண்டும் உப்பிக்கொள்ளும். ஃபோம் மெத்தையை அப்படித் தூக்கவும் முடியாது, நனைந்தால் உள்வரை காயவும் காயாது. உறை அவசியமானது இந்த மாற்றத்தால்தான். அதை நான் மறுக்கவில்லை.

அம்மாவுக்குப் பருத்தி உறை இரண்டு வாங்கினேன், ஒன்று துவைக்க ஒன்று விரிக்க. கொதிக்கும் தண்ணீரும் இஸ்திரியும் படலத்தைக் கெடுக்கும் என்பதால் இரண்டையும் தவிர்க்கிறோம். மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் ரெக்ஸின் மெத்தை போடுவதற்குத் தொற்று என்ற நியாயமான காரணம் இருக்கிறது. அதன் மேல் தடித்த பருத்தி விரிப்பு ஒன்று போடலாம். மெத்தைக்கு உறை வாங்கப் போகிறவர்கள் மெத்தையை அளப்பதற்கு முன், அதில் படுப்பவரைக் கேளுங்கள். கேட்டால் சொல்ல முடியாதவர் என்றால், விடியற்காலையில் ஒருமுறை அவர் முதுகுக்கடியில் கையை விட்டுப் பாருங்கள். அந்த இடம் ஈரமாக இருந்தால், எத்தனை ஆண்டு உத்தரவாதம் இருந்தாலும், உறையை மாற்றுங்கள்.