அடுத்த எழுத்து வரும் வரை

ஆர்டர் தாளில் ஒரு கட்டத்தில் ‘2எக்ஸ்எல்’ என்று இருக்கும். நாலு வரி தள்ளி ‘2எக்ஸ்1’ என்று இருக்கும். முன்னது டி-ஷர்ட்டின் அளவு. பின்னது கழுத்துப்பட்டிக்குப் போகும் ரிப் துணியின் வகை. கட்டிங் மாஸ்டருக்கு இதில் குழப்பமே கிடையாது. என் நிரலுக்கு உண்டு. அது முதலில் 2ஐ மட்டும் பார்க்கிறது. இது எண்ணிக்கையாக இருக்கலாம். அடுத்து எக்ஸ், இப்போது அளவாகவும் இருக்கலாம், ரிப்பாகவும் இருக்கலாம். அதற்கும் அடுத்ததைப் பார்த்தால்தான் முடிவு தெரியும். போதாக்குறைக்கு, சின்ன எல்லும் ஒன்றும் பல ஃபாண்ட்களில் ஒரே கோடு.

திருப்பூர் கம்பெனிகளுக்கு ஆர்டர், ஜாப் ஒர்க், சம்பளக் கணக்கு என்று மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் நான். எக்செல்லிலும் வாட்ஸ்அப்பிலும் மனம்போனபடி வரும் வரிகளைப் பிரித்துப் படிக்க லெக்ஸர் ஒன்று வேண்டியிருக்கிறது: எழுத்துகளை வாங்கி, துண்டு துண்டாக நறுக்கி, இது அளவு, இது நிறம், இது எண்ணிக்கை என்று பெயரிட்டுப் பார்சரிடம் கொடுப்பது. புத்தகங்கள் நறுக்கும் விதிகளைப் பற்றித்தான் அதிகம் பேசுகின்றன. என் அனுபவத்தில் விதிகள் சுலபம். தலைவலியெல்லாம் அதற்கு முந்தின படியில், எழுத்தை உள்ளே வாங்கும் இடத்தில்.

ஓர் எண் எங்கே முடிகிறது என்று அறிய, எண் அல்லாத ஒன்றைப் பார்த்தாக வேண்டும். பார்த்தபின் அதைத் திருப்பி வைக்க வேண்டும். அது அடுத்த துண்டுக்குச் சொந்தம். சி மொழியின் ‘அன்கெட்சி’ ஒரே ஓர் எழுத்தைத் திருப்பி வைக்கத்தான் உறுதி தருகிறது. பாஸ்கலில் ‘1..10’ என்று எழுதினாலே அது போதாது: முதல் புள்ளி தசமப் புள்ளியா, வீச்சின் பாதியா என்று தெரிய இரண்டாவது புள்ளி வரை போக வேண்டும். நம் ரிப்பும் அதே ரகம். ஆகவே ‘ரீடர்’ என்று தனியாக ஒரு பகுதி எழுதி, அதன் வழியே கோப்பைத் துண்டு துண்டாகச் சொந்த பஃபரில் வாங்கி, ‘எட்டிப் பார்’, ‘எடுத்துக்கொள்’ என்ற இரண்டு செயல்களை மட்டும் லெக்ஸருக்குத் திறந்துவிடுகிறேன். பைட்டை அது தொடவே கூடாது.

எட்டிப் பார்ப்பதற்கும் விலை உண்டு. பீஸ் ரேட்டில் ஓடும் யூனிட்டில் ஒவ்வொரு பண்டிலோடும் பார்கோடு டிக்கெட் போகும். அதை ஸ்கேன் செய்தால்தான் டெய்லருக்குக் கூலி ஏறும். ஒரு யூனிட்டில் டிக்கெட் அடிக்கும் அக்கா சொன்னார்: “ஏனுங் தம்பி, ஒண்ணு அடிச்சா முந்தினதுதானுங்க காட்டுது.” வேறு யாரோ எழுதிவிட்டுப் போன நிரல் அது. ஸ்கேனர் வரிமுடிவாக ‘கேரேஜ் ரிட்டர்ன்’ ஒன்றை அனுப்புகிறது. அதன் பின்னால் ‘லைன் ஃபீட்’ வருமோ என்று நிரல் எட்டிப் பார்க்கிறது. அந்த ஸ்கேனர் அதை அனுப்பவே அனுப்பாது. அடுத்த டிக்கெட்டின் முதல் எழுத்து வரும் வரை நிரல் வாய் திறந்தபடி நிற்கிறது. கோப்பைப் படிக்கும்போது இந்தப் பிழை தலைகாட்டவே காட்டாது. கோப்பு யாரையும் காத்திருக்க வைப்பதில்லை. தீர்வு சின்னது. கேரேஜ் ரிட்டர்ன் வந்ததுமே வரி முடிந்தது என்று சொல்லிவிட வேண்டும். கூடவே ஒரு கொடியை ஏற்றிவைத்து, அடுத்து வருவது லைன் ஃபீட் என்றால் சத்தமில்லாமல் விழுங்க வேண்டும். ஃப்ளெக்ஸ் கருவியில் ‘இன்டராக்டிவ்’ என்று ஒரு விருப்பம் இருப்பது இதே காரணத்துக்காகத்தான்: தேவைப்பட்டால் ஒழிய எட்டிப் பார்க்காதே.

கோப்பின் முடிவு இன்னொரு கண்ணி. சி மொழியின் ‘கெட்சார்’ முழு எண் ஒன்றைத் தருவது, 256 பைட்களுக்கும் வெளியே முடிவு என்ற ஓர் அடையாளத்துக்கு இடம் வேண்டும் என்பதால். அதை ‘சார்’ மாறியில் போட்டால், சில கணினிகளில் 255 என்ற பைட்டே கோப்பின் முடிவாகத் தெரியும். சில கணினிகளில் முடிவு வரவே வராது. யூடிஎஃப்-8இல் 255 என்ற பைட் கிடையாது. ஆகவே முதல் வகைப் பிழை வருஷக்கணக்கில் தூங்கிக் கிடக்கும்.

தமிழ் உள்ளே வந்தால் கணக்கே வேறு. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். 4096 பைட் பஃபரை மூன்றால் வகுத்தால் ஒன்று மிச்சம். முழுக்கத் தமிழான கோப்பில் முதல் பஃபரே ஓர் எழுத்தின் நடுவில்தான் அறுபடும். மிச்ச பைட்டை முன்னே நகர்த்தி, அதன் பின்னால் அடுத்த துண்டை நிரப்ப வேண்டும். எக்செல் ‘சிஎஸ்வி யூடிஎஃப்-8’ ஆகச் சேமித்தால் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்களை ஒட்டிவிடும். முதல் கட்டத்தின் தலைப்பு மட்டும் எதனோடும் பொருந்தாது. வேர்டிலிருந்து ஒட்டிய வரியில் சிறுகோடு நீண்ட கோடாகியிருக்கும். இவற்றையெல்லாம் வாசலிலேயே சரிசெய்துவிட வேண்டும்.

‘பொன்மஞ்சள்’ என்ற நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பொ’வின் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. அட்டவணையில் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆனால் ‘கௌரி’யை யாராவது ளகரம் போட்டு ‘கெளரி’ என்று அடித்தால் என்எஃப்சி உதவாது. அதை ரீடர் திருத்தவும் கூடாது என்பது என் கட்சி. அது எழுத்துப்பிழை; எழுதியவரிடம் கேட்க வேண்டிய விஷயம்.

பைத்தானின் சொல் தேடும் குறி ‘தமிழ்’ என்பதை ‘தம’, ‘ழ’ என்று இரண்டாக வெட்டிவிடும். கொக்கியும் புள்ளியும் அதன் கணக்கில் எழுத்தே இல்லை. தமிழிலேயே நிரல் எழுத முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் மொழி பைத்தானில் எழுதப்பட்டது; அந்த முயற்சியோடு வளர்ந்த ஓப்பன்-தமிழ் நூலகத்தில் சரத்தை முழு எழுத்துகளாகப் பிரித்துத் தரும் செயல்கூறு இருக்கிறது. சிலர் லெக்ஸரே முழு எழுத்துகளில் ஓட வேண்டும் என்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. சொல்லின் எல்லையைக் காண யூனிகோடு குறியீடு போதும், கொக்கியையும் புள்ளியையும் சொல்லுக்குள் சேர்த்துக்கொண்டால்.

முழு எழுத்து எனக்கு வேண்டியிருப்பது பிழைச்செய்தியில். ‘பொன்மஞ்சள்’ 30 பைட், 10 குறியீடு, 6 எழுத்து. அதன் பின்னால் வரும் பிழையை 31ஆம் இடம் என்று காட்டினால் ஆபீஸில் டைப் செய்கிறவர் எங்கே போய்த் தேடுவார்? விரல் வைத்து எண்ணினால் வரும் 7தான் அவருக்குப் பயன்படும். அதனால் ரீடர் இரண்டு கணக்கு வைத்திருக்கிறது: பஃபருக்குப் பைட், மனிதருக்கு எழுத்து. நடுவில் ஒரு டேப் வந்தால் அதை எத்தனை இடமாக எண்ணுவது என்பதில் மட்டும் எனக்கும் எக்செல் ஆட்களுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.