பெருவிரலளவுக் குழாய்

மோட்டார் இயந்திரம் ஒன்றைக் கழற்றுதல் எவர்க்கும் எளிது. கழற்றியதை முன்போலப் பூட்டுதலே அரிது. இவ்வுண்மையை நான் நாற்பது வயதைக் கடந்த பின்னரே, அதுவும் என் மாணாக்கன் ஒருவனிடமிருந்தே கற்றுக்கொண்டேன். கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டவன் தான் கற்ற கதையைச் சொல்வதும் கல்லூரி மலருக்குப் பொருந்துவதே என எண்ணி இதனை எழுதத் துணிந்தேன்.

என் தந்தையார் எமக்கு விட்டுச்சென்றவற்றுள் ஒன்று, 1963ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் கார். 1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான இவ்வினத்துள், 1098 கன சென்ரிமீற்றர் இயந்திரம் பூண்ட பிற்கால வண்டி அது. 1990இன் பின்னர் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட காலத்தில், காபரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு முடுக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டுவார் தந்தையார். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, பாட்டியாரையும் எங்கள் அரிசிப் பையையும் சுமந்து சென்றது அவ்வண்டியே. அவர் மறைந்த பின் அது வீட்டுக் கொட்டிலில் முடங்கிக் கிடந்தது.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, பழைய வண்டிகளின் விலையும் வானளாவ உயர்ந்தது. மறு ஆண்டு பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த வேளையில், தந்தையாரின் வண்டியை நானே திருத்துவேன் என முற்பட்டு, இயந்திரத்தின் மேற்பாகமாகிய ஹெட்டைக் கழற்றினேன். கழற்றிய நீர்க்குழாய்களுக்கு அடையாளம் எதுவும் இட்டேனல்லேன். நன்னூற் சூத்திரங்களை நினைவில் வைத்திருப்பவனுக்கு நான்கைந்து றப்பர்க் குழாய்களா மறந்துபோகும் என்ற இறுமாப்பே காரணம். பின்னர் 2022இல் எரிபொருளே கிடையாத நிலை வந்தது, வேலை நின்றது. 2023இல் மீளப் பூட்டத் தொடங்கியபோது நினைவு கைகொடுக்கவில்லை.

ஹெட்டின் முன்புறத்திலிருந்து றேடியேற்றரின் உச்சிக்குச் செல்வது மேற்குழாய். றேடியேற்றரின் அடியிலிருந்து நீர்ப்பம்பிக்கு வருவது கீழ்க்குழாய். இவ்விரண்டிலும் மயக்கம் இல்லை. எஞ்சியது பெருவிரலளவேயான ஒரு சிறு குழாய். ஹெட்டை இறுக்கி முடித்த பின்னரே அது என் கண்ணிற் பட்டது. நீர்ப்பம்பியின் வாயொன்றும் ஹெட்டின் அடிவாயொன்றும் கீழும் மேலுமாக ஒன்றையொன்று நோக்கி நின்றன. அவற்றிடையே குழாயைச் செருக இடமே இருக்கவில்லை. குளிர்நாட்டவர்க்கென அமைந்த சூடேற்றிக்குச் செல்லும் குழாய்களை, நம் நாட்டுக்கு வேண்டா என்று தந்தையார் காலத்திலேயே அடைத்துவிட்டிருந்தனர். இதுவும் அத்தகையதொன்றே எனத் துணிந்து, இரு வாய்களையும் றப்பர் மூடியிட்டு அடைத்தேன். நீர் ஒழுகவில்லை, இயந்திரமும் இனிதே ஓடியது. என் திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஆடி அமாவாசையன்று, தந்தையார்க்குரிய கடன் கழிக்க, எழுபது வயதைக் கடந்த தாயாரை ஏற்றிக்கொண்டு கீரிமலைக்குப் புறப்பட்டேன். அவர் கணவரின் வண்டியில், அவர் இருந்த அதே இருக்கையில் அமர்ந்து, வாய்திறவாது வந்தார். அவ்வண்டியில் வெப்பங்காட்டும் மானி இல்லை. மாவிட்டபுரத்தை அணுகுமுன் முன்மூடியின் கீழிருந்து வெண்புகைபோல நீராவி எழுந்தது. இயந்திரம் இருமி நின்றது. தாயாரை முச்சக்கர வண்டியொன்றில் ஏற்றிவிட்டு, வெயிலில் தலைகுனிந்து நின்றேன்.

உதவிக்கு வந்தவனைக் கண்டதும் என் தலை மேலும் தாழ்ந்தது. 2006இல், நான் கற்பிக்கத் தொடங்கிய புதிதில், என் வகுப்பில் இருந்தவன் அவன். புணரியல் அவனுக்கு வரவே இல்லை. சாதாரணதரப் பரீட்சையிலே தமிழிற் சித்தியெய்தவும் இல்லை. ஒருநாள் அவனை எழுப்பி நிறுத்தி, "உனக்குக் கராஜ்தான் கதி" என்று அனைவரும் கேட்கச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை.

இயந்திரம் ஆறும்வரை பொறுத்திருந்து, குனிந்து பார்த்தவன் கேட்டான்: "சேர், இந்தச் சின்னக் குழாயை ஏன் அடைச்சனீங்கள்?"

"அது சும்மா கிடக்கிறதெண்டு நினைச்சன்."

"பெரிய கதவு சாத்தியிருக்கிற நேரத்திலை தண்ணி ஓடுறது இதாலைதான், சேர்."

பின்னர் அவன் விளக்கியது இது. மேற்குழாயின் வாயிலில் வெப்பநிலைநிறுத்தி என்னும் கதவு உண்டு. நீர் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸ் வெப்பம் அடையும்வரை அது திறவாது. அதுவரை நீரானது இச்சிறு குழாய் வழியே பம்பிக்கு மீண்டு, இயந்திரத்தினுள்ளேயே சுற்றி, எங்கும் ஒருபடித்தாகச் சூடேறும். சூடேறிய நீர் தொட்டதும் கதவு தானே திறக்கும். சூடேற்றியின் வழி முன்னரே அடைபட்டது; நான் இதனையும் அடைத்தேன். நீர் அசைவற்று நின்றது. கதவின் கீழே காற்றும் சிறைப்பட்டமையால், சுடுநீர் அதனைத் தொடவில்லை. உள்ளே நீர் கொதித்தது. கதவோ மூடியபடியே இருந்தது. முடிவில் ஹெட்டின் கீழுள்ள கஸ்கற் வெடித்தது.

அவன் தன் கராஜில் ஹெட்டைக் கழற்றி, அதன் முகம் கோணியிருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துச் சோதித்தான். பின்பு சிறு குழாயை முதலில் நீர்ப்பம்பியின் வாயிற் பொருத்தி, கிளிப்பின் திருகு கைக்கெட்டும் பக்கம் பார்க்குமாறு திருப்பி, அதன்மேல் ஹெட்டை நேரே இறக்கினான். குழாய் தன் இடத்திற் சென்று அமர்ந்தது. வெப்பநிலைநிறுத்தியின் தகட்டில், காற்று வெளியேற ஒரு சிறு துளையும் இட்டான்.

நான் கவனித்தது வேறொன்று. கழற்றிய ஒவ்வொரு குழாயிலும் நூலில் ஓர் அட்டை கட்டியிருந்தான். ஒன்றில், "நீர்ப்பம்பிக் கீழ்க்குழாய்" என்று எழுதியிருந்தது. ஒற்று மிகவேண்டிய மூன்றிடத்தும் பிழையின்றி மிக்கிருந்தது. நான் கரும்பலகையில் எழுதி எழுதிக் கற்பிக்க மாட்டாததை, எழுதவேண்டிய தேவை ஒன்று வந்தபோது அவன் கற்றிருந்தான். பரீட்சை என்னும் பெருங்கதவு திறவாதிருந்த காலத்தில், அவனுள்ளே சுற்றிக்கொண்டிருந்த சிறு வழியொன்று இருந்திருக்க வேண்டும். அதனை அடைக்கவே என் ஒரு சொல் முயன்றது. அது முற்றாய் அடைபடாமை அவன் செய்த தவம், என் திறமையன்று.

"அண்டைக்கு வகுப்பிலை நான் சொன்னது பிழை" என்றேன்.

"எது, சேர்?" என்றான், கையைத் துடைத்தபடி. மறந்துதான் போனானோ, மறைத்தானோ, அறியேன். கூலியை இலவசமாக்காது எண்ணி வாங்கிக்கொண்டான். அது எனக்குப் பெரும் ஆறுதலாயிருந்தது. விடைபெறும்போது அந்த அட்டையை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன்.

வல்லினம் மிகும் இடங்களைக் கற்பிக்கும் நாளில் இப்பொழுது அதனை வகுப்புக்குக் கொண்டுசெல்கிறேன். எண்ணெய்க் கறை படிந்த அவ்வட்டை மாணாக்கரிடையே கைமாறிச் செல்லும்போது, பின்வரிசையில் விடை தெரியாது நிற்பவனை உட்காரச் சொல்லி, அடுத்த நாளும் வா என்கிறேன்.