நீர் ஏறிய உயரம்

ஆற்றங்கரையில் எழுந்த நகரங்கள் யாவும் ஆற்றுக்குக் கடன்பட்டவை. தானியமும் கல்லும் வணிகமும் ஆற்றின் வழியே வந்து சேர்கின்றன. அக்கடனை ஆறு வட்டியோடு அறவிடும் நாளும் உண்டு. இத்தாலியின் புளோரன்ஸ் நகரம் ஆர்னோ ஆற்றுக்கு அவ்வாறு பலமுறை இறுத்திருக்கிறது.

வட இத்தாலியில் மகனோடு சில வாரங்கள் தங்கவந்த மட்டக்களப்புத் தம்பதியர் இருவர், ஒரு வைகாசி நாளில் அந்நகரைப் பார்க்கத் தனியே புறப்பட்டனர். கணவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். காணவேண்டியவற்றை நிரல்படுத்தித் தாளொன்றில் எழுதிவைத்திருந்தார். மனைவிக்கோ முழங்கால் நோவு. ஆதலால், புருணலெஸ்கி 1420க்கும் 1436க்கும் இடையில் எழுப்பிய பேராலயக் குவிமாடத்தின் 463 படிகளை ஏறாது, கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு ஆற்றை நோக்கி நடந்தனர்.

ஆற்றின்மேல் நிற்கும் பழம்பாலமாகிய பொன்டே வெக்கியோ 1345இல் கட்டப்பட்டது. அதற்கு முன்னிருந்த பாலத்தை 1333 நவம்பர் 4ஆந் திகதிப் பெருவெள்ளம் அடித்துச் சென்றது. பாலத்தின் இருமருங்கிலும் ஒருகாலத்தில் இறைச்சிக் கடைகள் இருந்தன. 1593இல் ஆட்சியாளர் அவற்றை அகற்றிப் பொற்கொல்லரைக் குடியேற்றினர். இன்றும் அங்கே பொன்னகைக் கடைகளே. 1944இல் பின்வாங்கிய ஜேர்மன் படைகள் நகரின் ஏனைய பாலங்களையெல்லாம் தகர்த்தபோதும் இஃதொன்று தப்பியது. தகர்ந்தவற்றுள் ஒன்றான சாந்தா திரினித்தாப் பாலத்தை, ஆற்றிலிருந்து மீட்ட கற்களையும் கொண்டு பழைய வடிவிலேயே 1958இல் மீளக் கட்டி முடித்தனர். அதன் முனையில் நின்ற வசந்தகாலச் சிலையின் தலை மட்டும் கிடைக்கவில்லை. 1961இல் ஆற்றுப் படுகையிலிருந்து அதுவும் மீண்டது.

“இழந்ததை அப்படியே திருப்பிக் கட்டிப்போட்டாங்கள்” என்று கணவர் வியந்தார். அம்மையார் ஒன்றுங் கூறவில்லை.

அங்கிருந்து சாந்தா குறோச்சே தேவாலயத்துக்குச் செல்லும் வழியில், சான் ரெமீஜியோ என்னும் ஒடுங்கிய தெருவின் சுவரிலே இரண்டு கற்பலகைகளைக் கண்டனர். ஒன்று 1333ஆம் ஆண்டு வெள்ளம் ஏறிய உயரத்தைக் காட்டுவது. அதில் அலையொன்றும் அதனைச் சுட்டும் ஒரு கையும் செதுக்கப்பட்டுள்ளன. அதற்கும் மேலே மற்றொன்று. அது 1966ஆம் ஆண்டுக்குரியது. திகதி அதே நவம்பர் 4.

அவ்வெள்ளம் நகரின் சில பகுதிகளில் 6 மீற்றருக்கும் மேலாக எழுந்தது. சேற்றோடு வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயும் கலந்து சுவர்களிற் படிந்தது. ஆற்றை அடுத்திருந்த தேசிய நூலகத்தில் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களும் ஏடுகளும் பாழாயின. பல நாடுகளிலிருந்தும் வந்த மாணவர்கள் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி நூல்களைச் சேற்றிலிருந்து எடுத்தனர். ‘சேற்றுத் தேவதைகள்’ என்று அந்நகர மக்கள் அவர்களை அழைத்தனர்.

அம்மையார் தெருவை விட்டு அகலாது மேற்பலகையையே பார்த்துநின்றார். 2004 மார்கழி 26ஆந் திகதி கல்லடியில் கடல் அவருடைய தாயாரைக் கொண்டுபோயிற்று. வீடு மட்டும் நின்றது.

“நம்மட வீட்டுச் சுவரிலயும் இப்படியொரு கோடு இருந்தது. நீங்கதான் வெள்ளையடிச்சு மறைச்சுப்போட்டீங்க.”

“அதைப் பாத்துப் பாத்து நீ அழுவாயெண்டுதான் மறைச்சன்.”

“அழட்டும் எண்டு விட்டிருக்கலாம்.”

கணவர் தம் தாளை மடித்துச் சட்டைப்பையில் இட்டார். அதில் எஞ்சியிருந்தவற்றை அன்று அவர்கள் காணவில்லை.

சாந்தா குறோச்சேயில் மைக்கலாஞ்சலோவும் கலிலியோவும் துயிலும் கல்லறைகளைக் கடந்து, சிமாபுவே தீட்டிய பெருஞ்சிலுவையின் முன் இருவரும் அமர்ந்தனர். 13ஆம் நூற்றாண்டின் அவ்வோவியத்தில் பெரும்பகுதி வண்ணத்தை 1966ஆம் ஆண்டு வெள்ளம் கரைத்துவிட்டது. சீர்செய்தோர் நினைத்திருப்பின் அழிந்த முகத்தை மீளத் தீட்டியிருக்கலாம். அவர்கள் அது செய்யவில்லை. வெறுமையான இடங்களை மெல்லிய வண்ணக் கீற்றுகளால் நிரப்பி, எது சிமாபுவேயின் கை, எது இழப்பு என்பதைக் காண்போர் பிரித்தறியுமாறு விட்டுவைத்தனர். பாலத்தை முன்போலவே கட்டியெழுப்பிய நகரந்தான் இதனையுஞ் செய்தது. கல்லை மீண்டும் அடுக்கலாம். சிமாபுவேயின் கையை எங்கிருந்து அழைத்துவருவது?

மாலைப் புகைவண்டியில், “அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில இருந்தது, ஞாபகமா?” என்று அம்மையார் வினவினார். கணவர் எழுந்து நின்று, தம் நெற்றிக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினார். கதவு நிலையிலிருந்து எத்தனை விரற்கடை என்பதையுஞ் சொன்னார். வெள்ளையடித்த கைக்கு அவ்வளவு மறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் கோட்டை மீளக் கீறுவதென முடிவாயிற்று. திகதி மட்டும் போதுமென்றார் அவர். தாயாரின் பெயரும் வேண்டுமென்றார் அம்மையார்.